வெடி தாங்கும் சுவர்: எஃகா, கான்கிரீட்டா?



தீபாவளி நெருங்கினால் நம் உறுப்பினர்களில் பலர் மளிகை வியாபாரத்தோடு பட்டாசுக் கடையும் போடுகிறார்கள். சிலருக்கு ஆண்டு முழுவதும் பட்டாசு உரிமம் உண்டு. அப்படிப்பட்டவர்கள் இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஆலையிலேயே செய்து கொண்டுவந்து நிறுத்தும் எஃகுச் சுவர் இருக்கிறதாமே. வெடித்தாலும் தாங்குமாமே. கான்கிரீட் சுவர் எழுப்புவதை விட அது மேலா?"

நியாயமான கேள்விதான். சுவர் என்பது வெறும் கட்டுமானச் செலவு அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் சரக்கு இருக்கிறது. இந்தப் பக்கம் கல்லாவில் நாம் இருக்கிறோம், கடைப் பையன்கள் இருக்கிறார்கள், வாடிக்கையாளர் குழந்தையோடு நிற்கிறார். எனவே விற்க வருபவர் சொல்வதை அப்படியே கேட்டுக் கொள்ளாமல், விஷயத்தை முறையாகத் தெரிந்துகொள்வோம்.

வெடிப்பு சுவரை என்ன செய்கிறது?

வெடிப்பு என்றதும் நமக்கு நெருப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் சுவரை முதலில் தாக்குவது நெருப்பல்ல, காற்று. வெடித்த இடத்திலிருந்து காற்று ஓர் அலையாக அழுந்திக் கிளம்புகிறது. அந்த அழுத்தத்தைக் கிலோபாஸ்கல் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள்.

7 கிலோபாஸ்கல் என்பது சிறிய அழுத்தம்தான். ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கிப் போகும் அளவு. அந்தச் சிறிய அழுத்தம் 10 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள சுவர் மீது விழுந்தால் எவ்வளவு பாரம் தெரியுமா? சுமார் 6,600 கிலோ. நம் கணக்கில் சொன்னால், 25 கிலோ அரிசிச் சிப்பம் 260க்கு மேல்! அவ்வளவும் ஒரே நேரத்தில், கண் இமைப்பதற்குள், பக்கவாட்டில் வந்து மோதுகிறது. சுவர் என்பது மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டியது. பக்கவாட்டு அடிக்கு அது பழக்கப்பட்டதல்ல.

கம்பி வைக்காத கான்கிரீட் பிளாக் சுவர் 14 முதல் 21 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் உடைந்து போகும் என்பது தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையினர் நெடுங்காலமாகக் கையாளும் அளவு. கோடௌன்களில் நாம் தடுப்புக்காக எழுப்புவது பெரும்பாலும் இத்தகைய சுவர்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

"நாங்கள் பட்டாசு விற்பதில்லையே, எங்களுக்கு எதற்கு இது?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் 2008 பிப்ரவரி 7 அன்று ஒரு சர்க்கரை ஆலை வெடித்தது. பட்டாசு இல்லை, வெடிமருந்து இல்லை. காற்றில் பறந்த சர்க்கரைத் தூள்தான் தீப்பிடித்து வெடித்தது. 14 பேர் மாண்டார்கள். கனமான கான்கிரீட் தளங்கள் மேலே எழும்பின. செங்கல் சுவர்கள் சரிந்து படிக்கட்டையும் வெளியேறும் வழிகளையும் அடைத்துக் கொண்டன. சர்க்கரையும் மாவும் நாம் அன்றாடம் கையாளும் சரக்கு அல்லவா?

மூட்டையைப் பிடிப்பவரைப் பாருங்கள்

எஃகுக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை நம் மார்க்கெட்டிலேயே பார்க்கலாம். லாரியின் மேலிருந்து போடும் மூட்டையைக் கீழே நிற்கும் சுமைத் தொழிலாளி எப்படி வாங்குகிறார்? விறைப்பாக நின்றா வாங்குகிறார்? முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முதுகைத் தாழ்த்தி, மூட்டையோடு சேர்ந்து கீழே இறங்கி வாங்குகிறார். விறைப்பாக நின்றால் இடுப்பு போய்விடும்.

எஃகுச் சுவரும் அப்படித்தான். அடி விழுந்ததும் வளைகிறது. அந்த வளைவிலேயே வெடிப்பின் வேகத்தை விழுங்கிக் கொள்கிறது. கட்டுமானத்துக்குப் பயன்படும் சாதாரண எஃகு, அறுந்து போவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீண்டு கொடுக்கும். வெடித்து முடிந்த பின் சுவர் வயிறு தள்ளிக் கோணலாக நிற்கும். ஆனால் நிற்கும்! பின்னால் இருந்தவர் பிழைத்துக் கொள்வார்.

கான்கிரீட்டின் குணம் வேறு. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதன் இழுவைத் தாங்குதிறன், அமுக்கத் தாங்குதிறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்டவே உள்ளே கம்பி வைக்கிறோம். போதிய கம்பியை முறைப்படி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவரும் வளைந்து கொடுக்கும். ஆனால் அதிலும் ஒரு தொல்லை உண்டு. முன்பக்கம் விழுந்த அடி சுவரின் உள்ளே அலையாக ஓடி, பின்பக்கம் போய்த் திரும்பும்போது இழுவையாக மாறுகிறது. அப்போது பின்பக்கத்துக் கான்கிரீட் செதில் செதிலாகப் பெயர்ந்து கல்லெறிந்தது போல் பறக்கிறது. சுவர் விழாமலே கூட, அதன் மறைவில் நின்றவர் காயப்பட இது போதும். வெடி மிக அருகில் நடந்தால் இந்த ஆபத்து அதிகம்.

எஃகுச் சுவர் பிறந்த இடம்

இந்த எஃகுச் சுவர்கள் கடைத்தெருவில் பிறந்தவை அல்ல, கடலில் பிறந்தவை. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய், எரிவாயு மேடை இருந்தது. 1988 ஜூலை 6 அன்று அங்கே எரிவாயு கசிந்து வெடித்தது. 167 பேர் உயிரிழந்தனர்.

அந்த மேடையில் தடுப்புச் சுவர்கள் இல்லாமல் இல்லை. இருந்தன. ஆனால் அவை தீயைத் தடுக்கச் செய்தவை. வெடியைத் தாங்கச் செய்தவை அல்ல. முதல் வெடிப்பிலேயே அவை பெயர்ந்தன. பெயர்ந்த பலகைத் துண்டு ஒன்று பக்கத்துப் பகுதியில் இருந்த எரிபொருள் குழாயை உடைத்திருக்க வேண்டும் என்று விசாரணையில் கருதப்பட்டது. காக்க வைத்த சுவரே அடுத்த விபத்துக்குக் காரணமானது!

லார்ட் கல்லன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1990 நவம்பரில் வெளிவந்தது. அதில் 106 பரிந்துரைகள் இருந்தன. அதன் பிறகு கடல் மேடைகளில் வெடியழுத்தத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ப நெளிவுத் தகடுகளால் ஆன எஃகுச் சுவர்களை வைப்பது வழக்கமானது. நம் கடை ஷட்டரைப் பார்த்தால் அந்த நெளிவின் பயன் விளங்கும். தட்டையான தகட்டைக் கையால் வளைத்து விடலாம். அதையே மடித்து நெளித்து விட்டால் எளிதில் வளையாது. கடல் மேடையில் ஒவ்வொரு டன் எடையும் கால்களின் மேல் பாரம் என்பதால் அங்கே கனத்த கான்கிரீட் சுவருக்கு இடமில்லை. குறைந்த எடையில் அதிக அடி தாங்கும் சுவர் தேவைப்பட்டது.

தரையில் இதற்குப் பெரிய தேவை ஏற்பட்டது 2005க்குப் பின். அந்த ஆண்டு மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தனர். இறந்தவர்கள் ஆலைப் பகுதியில் நிறுத்தியிருந்த இலேசான தற்காலிக அலுவலக அறைகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். அதன் பிறகு அத்தகைய இடங்களில் முழுவதும் எஃகால் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் வெடி தாங்கும் அறைகள் பரவலாயின.

எஃகுச் சுவரின் நன்மைகள்

1. எடை குறைவு. 6 அங்குலக் கான்கிரீட் சுவர் 10 அடிக்கு 10 அடி எழுப்பினால் சுமார் 3,500 கிலோ. அதே பரப்புக்கு 4 மில்லிமீட்டர் எஃகுத் தகடு 290 கிலோதான். நெளிவுக்கும் சட்டத்துக்கும் சேர்த்து இரு மடங்கு என்று வைத்துக் கொண்டாலும் 600 கிலோவுக்குள் அடங்கும். சுவரின் எடையைச் சுமக்க மட்டும் பெரிய அஸ்திவாரம் தேவையில்லை. ஆனால் வெடி தள்ளும்போது சுவர் சாயாமல் பிடித்துக் கொள்ளும் அளவுக்கு அடிப்பிடிப்பு கட்டாயம் வேண்டும்.

2. நேரம் மிச்சம். கான்கிரீட் என்றால் பள்ளம் தோண்டி, கம்பி கட்டி, சென்ட்ரிங் அடித்து, போட்ட பின் நாள்தோறும் தண்ணீர் விட வேண்டும். அது தன் முழுக் கணக்கு வலுவைப் பெற 28 நாள் என்பது பொது வழக்கு. ஆலையில் தயாரான எஃகுச் சுவரை அடிப்பிடிப்பு தயாராக இருந்தால் கிரேன் வைத்துச் சில நாட்களில் நிறுத்தி விடலாம். வியாபாரத்தை மூடி வைக்கும் நாட்கள் குறையும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டியது வியாபாரியின் கடமை.

3. தரம் தெரியும். கட்டடத்தில் போடும் கான்கிரீட்டின் வலு, அன்றைக்குக் கலந்த கலவையையும், ஊற்றிய தண்ணீரையும், பார்த்த மேஸ்திரியையும் பொறுத்தது. உள்ளே கம்பி சரியாக இருக்கிறதா என்று பிறகு வெறுங்கண்ணால் பார்க்க வழியில்லை. ஆலையில் செய்யும் சுவரில் ஒரு மாதிரியைச் சோதித்து, அதே அளவில் மற்றவற்றையும் செய்யலாம். ஒவ்வொரு வெல்டிங்கையும் கண்ணால் பார்த்துச் சோதிக்கலாம்.

4. சில்லுகள் குறைவு. எஃகு வளையுமே தவிரக் கான்கிரீட் போல் செதில் விட்டுப் பறக்காது.

5. இடம் மாற்றலாம். நம்மில் பெரும்பாலோர் வாடகை இடத்தில் தொழில் செய்கிறோம். காலி செய்யும்போது கான்கிரீட் சுவரை எடுத்துப் போக முடியுமா? போல்ட் போட்டு நிறுத்திய எஃகுச் சுவரைக் கழற்றி எடுத்துச் செல்லலாம்.

6. பழுது பார்ப்பது எளிது. அடிபட்ட பலகையை மட்டும் மாற்றலாம். பெரிதும் சேதமடைந்த கான்கிரீட் சுவரைப் பெரும்பாலும் இடித்துத்தான் கட்ட வேண்டும்.

கான்கிரீட்டின் நியாயமும் உண்டு

தராசின் ஒரு தட்டை மட்டும் பார்ப்பது வியாபாரிக்கு அழகல்ல. மறு தட்டையும் பார்ப்போம்.

லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் 2020 ஆகஸ்ட் 4 அன்று கிடங்கில் கிடந்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்ததைப் பலரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கிடங்கின் அருகிலேயே நாட்டின் பெரிய தானியக் களஞ்சியம் இருந்தது. சுமார் 48 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் உருளைகள். 1,20,000 டன் தானியம் கொள்ளும். கிடங்கைப் பார்த்த பக்கம் இடிந்து விழுந்தது. மறுபக்க உருளைகள் நின்றன. நகரின் மேற்குப் பகுதிக்குச் சென்ற அலையின் வேகத்தை அந்தக் களஞ்சியம் குறைத்தது. தீயால் பாதிக்கப்பட்ட அதன் வடபகுதி 2022இல் சரிந்தது. கனத்துக்கு உரிய மதிப்பை அந்தக் களஞ்சியம் காட்டியது.

தீ விஷயத்திலும் கான்கிரீட் முந்திக் கொள்கிறது. 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் எஃகு தன் வலுவில் ஏறக்குறையப் பாதியை இழந்து விடும். எனவே தீ காப்புப் பூச்சோ காப்புப் பலகையோ இல்லாத எஃகுச் சுவர், வெடியைத் தாங்கி விட்டுப் பின்தொடரும் தீயில் தளர்ந்து போகலாம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் துருவும் பிடிக்கும். பெயின்ட் செலவு தொடர்ந்து இருக்கும். சொந்த இடம், அவசரமில்லை, நல்ல பொறியாளர் கிடைக்கிறார் என்றால் முறைப்படி கம்பி வைத்த கான்கிரீட் சுவரின் பொருட்செலவு குறைவாகவே இருக்கும்.

தகரம் எஃகுச் சுவர் ஆகாது

இந்தக் கட்டுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். "எஃகு" என்ற பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. தகரக் கொட்டகை வேறு, பழைய கன்டெய்னர் பெட்டி வேறு, வெடி தாங்கும் எஃகுச் சுவர் வேறு.

நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு பட்டாசுக் கிடங்கு இருந்தது. அங்கே கான்கிரீட் அறைகளும் இருந்தன, கன்டெய்னர்களும் இருந்தன. 2000 மே 13 அன்று உள்ளே பிடித்த தீ, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. அறைகளும் பெட்டிகளும் வெடித்துச் சிதறின. 23 பேர் மாண்டனர். அவர்களில் 4 பேர் தீயணைப்பு வீரர்கள். சுமார் 400 வீடுகள் அழிந்தன. வெடியைக் கணக்கிட்டுக் கட்டாத இடத்தில் கான்கிரீட்டும் காப்பாற்றவில்லை, இரும்பும் காப்பாற்றவில்லை.

வெடி தாங்கும் சுவரின் உயிர் தகட்டில் மட்டும் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. தகடு வளையும்போது சட்டத்தை உள்நோக்கி இழுக்கும். அந்த வெல்டிங்கும் போல்ட்டும் விட்டுக் கொடுத்தால், முழுத் தகடும் பறக்கும் கத்தியாகி விடும். கதவு பலவீனமாக இருந்தால் சுவர் இருந்தும் பயனில்லை. நான்கு பக்கமும் கெட்டியாக அடைப்பதும் தவறு. ஆட்கள் இல்லாத ஒரு திசையில் அழுத்தம் வெளியேற வழி வேண்டும்.

விற்க வருபவரிடம் என்ன கேட்பது?

இவ்வளவு கிலோபாஸ்கல் தாங்கும் என்று எழுதித் தருவாரா? எத்தனை மில்லி விநாடி நீடிக்கும் அழுத்தத்துக்கு அந்தக் கணக்கு? அடிபட்ட பின் சுவர் எவ்வளவு தூரம் உள்ளே வளையும்? சோதனை நடந்ததா, அதன் சான்று எங்கே? இணைப்புகளின் வரைபடம் உண்டா? கதவுக்கும் அதே கணக்கா? எத்தனை மணி நேரம் தீ தாங்கும்? கணக்கில் கையெழுத்திட்ட பொறியாளர் யார்? இந்த எட்டுக் கேள்விக்கும் பதில் இல்லையென்றால், அவர் விற்பது வெடி தாங்கும் சுவர் அல்ல, தகரம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

எஃகுச் சுவர் வாங்கி விட்டால் விதிகள் நம்மை விட்டு விடும் என்று எண்ணக் கூடாது. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி நிரந்தரப் பட்டாசுக் கடை செங்கல், கல் அல்லது கான்கிரீட்டால் கட்டிய இடமாக இருக்க வேண்டும்; தரைத் தளத்தில் இருக்க வேண்டும்; கதவுகள் வெளிப்புறம் திறக்க வேண்டும். எனவே உள்ள சுவரை இடித்து விட்டு எஃகை நிறுத்தினால் உரிமத்துக்கே சிக்கல் வரலாம். கூடுதல் தடுப்பாக வைக்க விரும்புவோரும் உரிமம் வழங்கிய அதிகாரியைக் கேட்டு, எழுத்து மூலம் ஒப்புதல் பெற்ற பின்பே வைக்க வேண்டும்.

தீபாவளித் தற்காலிகக் கடைகளுக்கு அந்த விதிகள் சொல்வது: எளிதில் தீப்பிடிக்காத பொருளால் ஆன கொட்டகை, கடைக்குக் கடை குறைந்தது 3 மீட்டர் இடைவெளி, குடியிருப்பு போன்ற பாதுகாக்க வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர், கடைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கக் கூடாது, எண்ணெய் விளக்கும் காஸ் விளக்கும் கூடாது, 50 மீட்டருக்குள் வெடித்துக் காட்டக் கூடாது, ஒரே தொகுப்பில் 50 கடைகளுக்கு மேல் கூடாது.

இந்த விதிகளில் அடிக்கடி வருவது தூரம் என்பதைக் கவனிக்க வேண்டும். திறந்த வெளியில் தூரத்தை இரட்டித்தால் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கி விடும். இதற்கு எந்த ஆலையும் தேவையில்லை, துருவும் பிடிக்காது. மூன்று மீட்டர் இடைவெளியில் அட்டைப் பெட்டியை அடுக்கி வைத்து விட்டு, இலட்ச ரூபாய்க்குச் சுவர் வாங்கினால் என்ன பயன்?

முடிவாக

வாடகை இடம், குறைந்த நாள், இடம் மாற்ற வேண்டிய தேவை, எடை தாங்காத தரை, எரிவாயு போன்றவற்றின் வெடிப்பு அச்சம் ஆகியவை உள்ள இடத்தில் முறையாகக் கணக்கிட்டுச் செய்த எஃகுச் சுவர் கான்கிரீட்டை விட மேலானது. நிரந்தரமான சொந்த இடத்திலும், தீ அச்சம் முதன்மையான இடத்திலும், விதி வற்புறுத்தும் இடத்திலும் நல்ல கம்பி வைத்த கான்கிரீட்டே நமக்குத் துணை. இரண்டில் எதுவானாலும் சரக்கின் அளவு, இடைவெளி, வெளியேறும் வழி ஆகிய மூன்றுக்கும் அடுத்ததுதான் சுவர்.

உரிமத்தில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு பெட்டி கூட வைக்காத கடைக்கு எந்தச் சுவரும் சுமை குறைந்த சுவர்தான். இந்தத் தீபாவளிக்குச் சரக்கு இறக்கும் முன், ஒவ்வொருவரும் ஒரு டேப்பை எடுத்துத் தம் கடையின் இடைவெளியை அளந்து பார்ப்போம். கடை மூடிய பின் எல்லோரும் வீடு போய்ச் சேர்வதே நம் முதல் இலாபம்!